பயிற்சியாளர் கருத்து

மூன்றாவது முறை உட்கார்ந்த சிந்துஜாவால் எழுந்திருக்க முடியவில்லை.

தோளில் எழுபது கிலோ. முழங்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்து நடுங்கின. பின்னாலிருந்து ராடைப் பிடித்து ஸ்டாண்டில் வைத்தேன். அவள் தரையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

போன மாதம் இதே கால்கள் தொண்ணூறு கிலோவைச் சிரித்துக்கொண்டே தூக்கின.

சிதம்பரத்தில் அன்று மாநிலப் பெண்கள் கபடி அணிக்குத் தேர்வு; பளு தூக்கிக் காட்டுவதும் அதில் ஒரு சோதனை. அணியின் உடற்பயிற்சி கோச் யார் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்வதாகத் தேர்வுக் குழுத் தலைவர் ஞானசேகரன் சொல்லியிருந்தார். கபடி சொல்லிக்கொடுப்பவர் வேறு. பளு தூக்க வைத்து உடம்பைத் தேற்றுவது என் வேலை. கடலூரில் ஐந்து வருடமாகத் தற்காலிகமாகத்தான் செய்துகொண்டிருந்தேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்குப் பளு என்று கேட்காத அப்பா இல்லை, கேட்காத அதிகாரியும் இல்லை. அந்த வாய்களை எல்லாம் சிந்துஜா அடைப்பாள் என்று நம்பியிருந்தேன்.

நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

பத்து நாளாகவே அவள் சரியில்லை. மற்ற பெண்கள் கடலூர் முகாமில் தங்க, இவள் மட்டும் சாயங்காலம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பிச்சாவரம் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்கு பஸ் ஏறினாள். கேட்டால் வீட்டில் வேலை என்றாள். எடை மூன்று கிலோ குறைந்தது. ஆனால் சாப்பாட்டு அட்டவணையில் முட்டை, கோழி, பயறு என்று ஒரு கட்டம் விடாமல் டிக் இருந்தது.

அட்டவணையை நம்பினேன். எவனோடோ சுற்றுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

ஒவ்வொருவரின் தேர்வுத் தாளிலும் கடைசியில் ‘பயிற்சியாளர் கருத்து’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் வழக்கம். தன்னிடம் பயில்கிற பெண்ணைப் பற்றி யாரும் அதில் குறை எழுதுவதில்லை. காய்ச்சல் என்று நான் எழுதியிருந்தால்கூட அடுத்த வாரம் இன்னொரு வாய்ப்புக் கொடுத்திருப்பார்கள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

‘கட்டுப்பாடு இல்லாதவள். முகாமில் தங்க மாட்டாள். அணிக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

ஞானசேகரன் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நம்ம புள்ளைன்னு பாக்காம எழுதியிருக்கீங்களேம்மா. இந்த மாதிரி ஆளத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழுந்து, மாநில அணியின் உடற்பயிற்சி கோச் சத்யப்பிரியா என்று என் பெயரை அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் சிந்துஜா என்னிடம் ஓடிவந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தால், முகமெல்லாம் சிரிப்பு. மணிக்கட்டுப் பட்டையை மேலே தள்ளிக் காட்டினாள். உள்ளே மஞ்சள் கயிறு.

“பலிச்சிடுச்சுக்கா! ஒங்களுக்கு இந்த வேல கெடைக்கணும்னு நெருப்பு மிதிக்கறதா ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். காப்பு கட்டிக்கிட்டா ராவுல ஊர தாண்டித் தங்கக் கூடாது. பத்து நாளா ஒரு வேளதான் சாப்பாடு. முட்டைக்கு டிக் போட்டதெல்லாம் பொய்க்கா, திட்டாதீங்க. இன்னிக்கு சாயங்காலம் தீமிதி, நீங்க வரணும்.”

எழுதியதைத் திரும்ப வாங்கிவிட மேசைப் பக்கம் திரும்பினேன். ஞானசேகரன் தாள்களை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, தேர்வான பெண்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். அவள் பெயர் வரவில்லை.

சிந்துஜா என் கையை விடவே இல்லை.

“எனக்கு என்னக்கா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அதான் உள்ள நீங்க இருக்கீங்களே!”