வெள்ளிக்கிழமைத் தப்பு

"அரையோட மூணுல ஒண்ணைக் கூட்டினா, அஞ்சுல ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே கரும்பலகையில் எழுதினார் தலைமையாசிரியை.

மாணவர்களின் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் இப்படி ஒரு மாதிரி வகுப்பு உண்டு. ஏதாவது ஒரு பாடத்தை எடுத்துத் தலைமையாசிரியை நடத்துவார். ஆசிரியர்கள் மாணவர்களாக உட்கார வேண்டும்.

"வந்துடுச்சுய்யா இந்த வாரத் தப்பு" என்று டிராயிங் மாஸ்டரின் காதில் கிசுகிசுத்தார் பூகோள வாத்தியார். "பொடியனைக் கூப்பிட்டாக்கூட சரியாப் போட்டுட்டுப் போவான்."

"உஷ்! காதுல விழப்போகுது."

"விழட்டுமே. நான் சேர்ந்த புதுசுல இதே மாதிரி படம் போட்டு, கிழக்கை இடது பக்கம் குறிச்சாங்க. எழுந்து போய் மாத்தினது யாரு? நான்தான். அன்னைக்குப் போன பயம், இன்னும் என் பக்கம் திரும்பி வரலை."

"தெரியும் சார். போன மாசமும் சொன்னீங்க."

கடைசி பெஞ்சில் புதிதாகச் சேர்ந்த கணக்கு டீச்சர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கணக்கு அவருக்கு நன்றாக வரும். குரல்தான் வராது. அவருடைய ஆறாம் வகுப்பின் இரைச்சல் மைதானம் வரை கேட்கும். 'இந்தப் பருவத்தோடு அனுப்பிவிடலாமா?' என்று நிர்வாகம் கேட்டிருந்தது. பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியை. அது கணக்கு டீச்சருக்கும் தெரியும்.

"என்ன, எல்லாருக்கும் சரிதானே?" என்றார் தலைமையாசிரியை.

பூகோள வாத்தியார் டிராயிங் மாஸ்டரை முழங்கையால் இடித்தார்.

"அப்ப திங்கக்கிழமை ஆறாம் வகுப்புக்குப் போய் இதையே நடத்திடறேன்."

கணக்கு டீச்சர் பாதி எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"மேடம்... அது... அப்படி வராது."

"கேக்கலையேம்மா."

"அப்படி வராது மேடம்!"

"ஏன் வராது? மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. எங்க தப்பு? வந்து காட்டுங்க, பார்ப்போம்."

கணக்கு டீச்சர் போய் சாக்பீஸை வாங்கினார். எழுதப் போனவர் நிறுத்தினார். சாக்பீஸை வைத்துவிட்டு, மேஜைமேல் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இரண்டாக மடித்தார்.

"இது பாதி மேடம். இதோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் கூடத்தானே செய்யணும்? உங்க விடை பாதியைவிடக் கம்மி. சேர்த்தப்புறம் எப்படிக் குறையும்?"

"அட!" என்றார் டிராயிங் மாஸ்டர், தன்னை மறந்து.

தலைமையாசிரியை விடவில்லை. "சரி, தப்புன்னு ஒத்துக்கறேன். அப்ப எப்படித்தான் கூட்டறது?"

கணக்கு டீச்சர் தாளைப் பிரித்தார். மறுபடி மடித்தார். இப்போது ஆறு கட்டம். பாதிக்கு மூன்று கட்டம், மூன்றில் ஒன்றுக்கு இரண்டு கட்டம், ஆக ஆறில் ஐந்து என்று அவர் முடித்தபோது, வராந்தாவில் போய்க்கொண்டிருந்த வாட்ச்மேன் நின்று எட்டிப் பார்த்தார். அவ்வளவு சத்தம்.

முதலில் கை தட்டியவர் தலைமையாசிரியை.

"நல்லவேளை, என் மானத்தைக் காப்பாத்தினீங்க. இனிமே பின்னம்னா நீங்கதான்."

வாசலில், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே பூகோள வாத்தியார் சொன்னார்:

"கலக்கிட்டீங்க டீச்சர்! ஆனா பாருங்க, பின்னம் கூட்டத் தெரியாம எப்படித்தான் ஹெச்.எம். ஆனாங்களோ!"

கணக்கு டீச்சரைக் கூட்டிப்போக அவருடைய தாய்மாமா ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அந்த நேரத்தில் தலைமையாசிரியை கேட்டைத் தாண்டிப் போனார். மாமா சட்டென்று ஸ்கூட்டரை விட்டு இறங்கி, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். தலைமையாசிரியை தெருமுனை திரும்பும் வரை அசையவில்லை.

"என்ன மாமா, அவங்களைத் தெரியுமா? போய்ப் பேச வேண்டியதுதானே?"

"ஐயோ, வாய்ப்பாடு கேட்டுட்டாங்கன்னா?"

"வாய்ப்பாடா?"

"எங்க ஊர் ஸ்கூல்ல எனக்குக் கணக்கு எடுத்தவங்க அவங்கதாம்மா. பின்னம்னா என் மண்டையில ஏறவே ஏறாது. ஒரு தாளை எடுத்து மடிச்சு மடிச்சே ஏத்திவிட்டுட்டாங்க. உனக்குச் சின்ன வயசுல நான் மடிச்சுக் காட்டுவேனே, அது அவங்க வித்தைதான்."

கணக்கு டீச்சர் தெருமுனையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

பூகோள வாத்தியாரின் கை ஹெல்மெட் பட்டையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப... அந்தக் கிழக்கு..."

ஹெல்மெட்டைக் கழற்றினார். வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் வெள்ளிக்கிழமை. கணக்கு டீச்சர் இப்போது முன் பெஞ்சில் இருந்தார்.

"நிலாவுக்குச் சொந்தமாவே வெளிச்சம் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. "எல்லாருக்கும் சரிதானே?"

டிராயிங் மாஸ்டர் வழக்கமான கிசுகிசுப்பை எதிர்பார்த்துப் பூகோள வாத்தியார் பக்கம் காதைச் சாய்த்தார். அவரோ மறுபக்கம் குனிந்திருந்தார். அங்கே, அந்த வாரம்தான் சேர்ந்த அறிவியல் டீச்சர், எழுவதா வேண்டாமா என்று கைக்குட்டையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"போங்க டீச்சர்" என்றார் பூகோள வாத்தியார் மெதுவாக. "உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காங்க."