நாலடித் தொட்டி

"இன்னொரு கோமாளி மீன் வேணும் முதலாளி. ஆனா போன தடவை எடுத்தது மாதிரி இருக்கக் கூடாது. வெள்ளைக் கோடு வேற மாதிரி வேணும்."

சௌபிங் குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, கம்பியில் வரிசையாகத் தொங்கிய மீன் பைகளை அண்ணாந்து பார்த்தாள். ஹாங்காங்கின் மீன் தெருவில் மழை நாளிலும் கூட்டம் குறைவதில்லை.

வேறு நாளாக இருந்தால் கடைக்காரர் லோக், "வாங்க அழகி!" என்றிருப்பார். அந்தத் தெருவில் இருபது வயசுக்காரியும் அழகிதான், அறுபதைத் தாண்டிய சௌபிங்கும் அழகிதான். இன்று அந்த வார்த்தை வரவில்லை.

"அதுவும் போயிடுச்சாம்மா?"

"ம்."

"முதல் நாளே தொண்டை கிழியச் சொன்னேன். ஓரடித் தொட்டி பத்தாது. கடல் மீனுக்குத் தண்ணி கொஞ்சமா இருந்தா, நாலு துணுக்குத் தீனி மிஞ்சினாக்கூடக் கெட்டுப்போயிடும். குறைஞ்சது ரெண்டடி வேணும்னேன். கேட்டீங்களா?"

"மேஜையில அவ்வளவுதான் இடம் முதலாளி. அவர் கட்டில்ல படுத்தபடியே பாக்கணுமே."

அவர் என்றால் அவள் கணவர் டக்சிங். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இப்போது வயிற்றில் புற்று.

லோக்கின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எப்படி இருக்கார்?"

"நாளைக்கு மறுபடியும் ஊசி. முதல் ஊசிக்கு அப்புறம், செத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னு சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டார். இப்ப எனக்கு முன்னாடி செருப்பைப் போட்டுக்கிட்டு நிக்கறார். எல்லாம் மீனாலதான்."

"மீன்தான் நிலைக்க மாட்டேங்குதே!"

"அதனாலதான்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள்.

லோக் வலையைக் கீழே வைத்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டு மீன் செத்தால், வீட்டில் ஒருவருக்கு வர இருந்த கெடுதலை அது வாங்கிக்கொண்டு போயிற்று என்று அந்த ஊரில் பேசிக்கொள்வார்கள். செத்த மீனை நோயாளி பார்க்கக் கூடாது. சத்தமில்லாமல் கட்டி வெளியே கொண்டுபோய்விட வேண்டும்.

"ஊசி போட்டுட்டு வந்து, தூங்கி எழுந்து தொட்டியைப் பாப்பார்" என்றாள் சௌபிங். "காலியா இருந்தா, 'பாத்தியா, என் நோவுல ஒரு பங்கை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு'ம்பார். அன்னிக்குத்தான் ஒரு கிண்ணம் கஞ்சி முழுசா உள்ள போகும்."

"ஓஹோ! சாகட்டும்னுதான் சின்னத் தொட்டியா?" லோக்கின் காது மடல் சிவந்தது. "நான் விக்கறது மீனும்மா, பலிகடா இல்லை. நீங்க வேற கடை பாருங்க."

"நாளைக்குக் காலையில தொட்டி வெறுமனே இருந்தா அவர் கிளம்ப மாட்டார் முதலாளி. முக்கால்வாசி தாண்டியாச்சு. டாக்டரே கட்டி சுருங்குதுங்கறார். இப்பப் போய் விட்டுட முடியுமா?"

லோக் ஒரு தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அதுக்குக் கோடு எதுக்கு வேற மாதிரி?"

"ஒவ்வொண்ணுக்கும் பேர் வைக்கறார். கோட்டை வச்சுத்தான் அடையாளம். போனதே திரும்பி வந்துடுச்சுன்னு தோணினா பயந்துடுவார்."

"வாரா வாரம் ரெண்டு கேன் கடல் தண்ணி வேற தூக்கிட்டுப் போறீங்க. அவ்வளவு தண்ணியில முதலையே வளர்க்கலாம். மீனு சாகுதாம்!" அலுத்துக்கொண்டவர், கடைசியில் மனமிறங்கினார். "சரி, மீன் தரேன். ஆனா தொட்டியை மாத்தணும். அதோ அந்த ரெண்டடி. ஒரு மீன் ராஜா மாதிரி இருக்கும். ஜோடி போட்டாலும் குடித்தனம் நடத்தும். அதுக்கு மேல விட்டீங்கன்னா ஒண்ணோட வாலை ஒண்ணு கடிச்சுக் குதறிடும்."

"கடிச்சா செத்துடுமா?" சௌபிங்கின் முகம் வெளுத்தது.

லோக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது என்ன புதுக் கவலை?"

அவள் இரண்டடித் தொட்டியைப் பார்க்கவே இல்லை. கடையின் உட்புறம் சுவரோரம் இருந்ததைக் காட்டினாள். "அந்தப் பெரிசு?"

"அது நாலடி. கும்பலா வளர்க்கறவங்க வாங்கறது. ஒத்தை மீனுக்கு அதை உள்ள வச்சா, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் லிஃப்டு வாசல்லதான் படுக்கணும்."

"அதையே குடுங்க. ஆள் விட்டு அனுப்புவீங்களா?"

"மேஜையில இடமில்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க!"

"எங்க வீட்டுக்கு இல்லை. கீழ் மாடி, ஹுங் அக்கா வீடு."

லோக் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அங்க யாருக்கு உடம்பு சரியில்லை? அவங்களுக்கும் சாக மீனு வேணுமாக்கும்!"

சௌபிங் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கணவர் காதில் விழுந்துவிடுமோ என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணுகூடச் சாகலை முதலாளி. அவர் தூங்கினதும் நான்தான் பையில பிடிச்சுக் கீழ கொண்டுபோயிடுவேன். இதுவரைக்கும் வாங்கின ஆறும் அக்கா குளியலறைத் தெர்மகோல் பெட்டியில முட்டி மோதிக்கிட்டிருக்கு. 'உன் புருஷன் பிழைக்கறவரைக்கும் நான் எங்கடி குளிக்கறது'ன்னு நேத்து சண்டைக்கே வந்துட்டா!"