குழியோரம் வரைக்கும்

எடப்பாடியில் தறி ஓட்டும் கந்தவேல் வீட்டு ஹாலில் ஒரு மாதமாக அந்தப் பச்சை விரிப்பு கிடந்தது. கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளிப் பழகுவதற்கானது. வேண்டாதபோது சுருட்டி வைக்கலாம். அடியிலுள்ள திருகைத் திருப்பினால் மேடு கூடும், குறையும்.

"நமக்கெதுக்குங்க இந்த வெளையாட்டு?" என்றாள் அவர் மனைவி ரஞ்சனி.

"பெங்களூரு முதலாளி நாளைக்கு ஆடக் கூப்பிட்டிருக்காரு. துண்டு ஆர்டரு அவரு கையிலதான் இருக்குது. போன வருசம் அவருகூட ஆடப் போய்த்தான் ஆர்டரு கை நழுவிப் போச்சு."

ரஞ்சனிக்குப் பாவமாக இருந்தது. நன்றாகப் பழகட்டும் என்று மேட்டை அவளே உயர்த்தி வைத்தாள். கந்தவேல் தள்ளிய பந்து மேடேறி, வளைந்து, குழிக்குள் விழுந்தது.

"உழுந்துருச்சுங்க. நாளைக்கு நீங்கதான் செயிப்பீங்க."

கந்தவேல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"போன வருசமும் இப்படித்தான் புள்ள. மொதத் தடவை ஆடுனேன், தள்ளுனதெல்லாம் உழுந்துருச்சு. மொதலாளி தோத்த கோவத்துல ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. வேணும்னே கோணலாத் தள்ளுனாலும் கண்டுபுடிச்சுருவாரு. பந்து குழியோரம் வரைக்கும் போயி, உழுகாம நிக்கோணும். அதுக்குத்தான் ஒரு மாசமாப் பழகறேன்."