கடைசி ஆட்டத்துக் கைதட்டல்

பந்தும் படவில்லை, காலும் பிசகவில்லை. அப்படியிருந்தும் ஆட்டத்தின் நடுவில் வில்கினை வெளியே வரச் சொல்லிவிட்டார் கோச்.

கேலரியில் உட்கார்ந்திருந்த லோர்னா துள்ளி எழுந்தாள். அவள் கையிலிருந்த ஹாட் டாக் கணவன் வெண்டலின் மடியில் விழுந்தது.

"வெண்டல், அங்க பாரு! நம்ம வில்கினை எடுத்துட்டாங்க!"

"என் பேன்ட்டைப் பாருடி முதல்ல! பூரா கடுகு சாஸ்!"

"பேன்ட்டு கிடக்கட்டும். அவனைக் கட்டிப்பிடிக்கிறாங்க பாரு!"

வெண்டலும் எழுந்துவிட்டார். பேஸ்பால் பார்த்துப் பழகிய ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருப்பவனைப் பாதியில் வெளியே எடுத்து, கூட ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்தால், பெரிய டீம்கள் கூடுதல் ஆள் எடுக்கும் செப்டம்பர் மாதத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாடே பார்க்கும் பெரிய லீக்கிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

வில்கின் டொமினிக்கன் நாட்டுப் பையன். இரண்டு சீசனாக லோர்னா வீட்டு மாடியறையில்தான் வாசம். கைக்கும் வாய்க்குமான சம்பளத்தில் ஆடும் பையன்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போடுவது ஹார்லன் ஃபால்ஸ் ஊர்க்காரர்களின் வழக்கம். லோர்னா எதைச் சமைத்தாலும் அதன்மேல் மிளகாய் சாஸை ஊற்றித் தின்றுவிட்டு, "எங்கம்மா சமையலுக்கு அடுத்தது உங்க சமையல்தான் லோர்னாம்மா" என்பான். அது பொய் என்று தெரிந்தும் அவள் பூரித்துப்போவாள்.

அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. பெரிய லீக்கில் ஆடும் முதல் நாள் அம்மாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும். பதினேழு வயதில் விமானம் ஏற்றிவிட்டதோடு சரி, மகன் இங்கே வந்து ஆடியதை அவள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

ஊருக்கும் அன்று மனசு சரியில்லை. வேறு மாநிலத்தில் யாரோ புது மைதானம் கட்டித் தருகிறார்கள் என்று முதலாளிகள் அடுத்த வருஷம் டீமையே அங்கே கொண்டுபோகிறார்கள். இதுதான் உள்ளூரில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் எல்லாரும் எழவுக்கு வந்தவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

கீழே, பந்து வீசும் ஆறரை அடி பிராட்டன் வில்கினைக் கட்டிப்பிடித்தவன் விடவே இல்லை. எதிர் டீமில் ஆடும் டொமினிக்கன் பையன் ஒருவன்கூட மைதானத்தைக் கடந்து ஓடிவந்து அவனை அணைத்துக்கொண்டான்.

"எதிரிப் பயலுக்குக்கூட என்ன சந்தோஷம் பாரு! நான் பொறந்ததுலேருந்து இப்படிப் பார்த்ததில்ல" என்றார் வெண்டல்.

லோர்னா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "அவங்கம்மாவுக்கு முதல்ல நான்தான் சொல்லப்போறேன்."

"நீ ஏன் முந்திரிக்கொட்டையா முந்துற? பெத்தவளுக்குப் பிள்ளை வாயால போகட்டும் சேதி."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. போனை உள்ளே வைத்துவிட்டாள்.

ஒலிபெருக்கி அலறியது. "டீமைத் தூக்கிட்டுப் போறாங்க, போகட்டும்! ஆனா நம்ம ஊர்ச் சோறு தின்ன பையன் பெரிய லீக்குக்குப் போறான்! கைதட்டுங்க மக்களே, கூரை பிச்சுக்கட்டும்!"

எழவு வீடு கல்யாண வீடாகிவிட்டது. பெஞ்சுகளின் மேல் ஏறி நின்று குதித்தார்கள். கோச் கேலரியைப் பார்த்து இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். அவருக்கும் குஷி தாங்கவில்லை என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகக் கத்தியது.

வில்கின் கம்பித் தடுப்பை நோக்கி நடந்துவந்தான். தொப்பி கையில் இருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

படியில் இருந்தவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு லோர்னா கீழே இறங்கினாள். டீமும் போகிறது, இவனும் போகிறான், நாளைக்கு மாடியறை காலி. அந்தத் துக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், பிள்ளை ஜெயித்துவிட்டான் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"அழுடா கண்ணு, நல்லா அழு! இதுக்குத்தானே இத்தனை பாடுபட்ட!" என்று தடுப்புக்கு மேலே கையை நீட்டி அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்து நின்றார் வெண்டல். ஒரு காப்பி வாங்குவதென்றாலும் தள்ளுபடிக் கூப்பன் தேடுகிற மனுஷன் அவர். "எந்த ஊர்ல முதல் ஆட்டம்? சொல்லுடா! உங்கம்மா வர்ற பிளேன் டிக்கெட் என் செலவு!"

வில்கினின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. லோர்னாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எதையோ சொல்ல வந்தான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கைதட்டிய சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"என்னடா கண்ணு? கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

அவன் அவள் காதோரம் வாயை வைத்தான்.

"நிறுத்தச் சொல்லுங்க லோர்னாம்மா... எங்கம்மா செத்துட்டாங்க."