பஹ்மாவின் வயது

றிஸ்வி பாலாவியில் போட்டிப் பரீட்சை வகுப்பு நடத்துபவன். அவன் எழுதித் தந்த கணக்குகளைக் கணினியில் தட்டிக்கொண்டிருந்த மனைவி ஜெஸீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'பஹ்மாவின் வயது என்ன? கூற்று ஒன்று: அவள் தம்பியைவிட மூன்று வயது மூத்தவள். கூற்று இரண்டு: இருவர் வயதையும் கூட்டினால் ஐம்பத்தொன்று. தரவு போதுமா?'

ஒருத்தியின் வயதில் இந்த மனிசனுக்கு இவ்வளவு அக்கறையா!

"யார் இந்தப் பஹ்மா? போன கிழமையும் இவள்தானே!"

"சும்மா ஒரு பேர்."

"கற்பிட்டியிலிருந்து பாலாவி மட்டும் வேற பொம்புளைப் பேரே இல்லையா? கட்டின பொஞ்சாதிட பேர் ஒரு கணக்குக்கும் உதவாதோ?" விசைப்பலகையைத் தள்ளிவிட்டாள். "அவளையே கூட்டிவந்து டைப் பண்ணச் சொல்லுங்க!"

"முதல்ல உன்ட பேரைத்தான் போட்டேன். கணக்கு வரல்ல."

"ஏன் வராது? ரெண்டு கூற்று இருந்தாப் போதுமே!"

"ஓம், ரெண்டும் இருந்திச்சு. கலியாணத்துக்கு முந்தி நீ சொன்ன உன்ட வயசு ஒண்டு. அதே நாள் உன்ட தம்பிட வயசு எண்டு உன்ட உம்மா சொன்னது மத்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, தம்பிக்கு நீ தங்கச்சி!"

ஜெஸீமா விசைப்பலகையை மெல்லத் தன் பக்கம் இழுத்தாள்.

"பஹ்மா நல்ல பேர்தான். அவளே இருந்துட்டுப் போகட்டும்."