நாற்பதாவது பூங்கொத்து

மார்ச் பதினொன்று, மாலை நான்கு மணி. நகர அரங்கில் நாட்டுத் தலைவரின் அறுபதாவது பிறந்தநாள் விழா. மேடைக்குப் பின்னறையில் தையல்காரம்மா நடிகையின் கவுனை உடம்போடு சேர்த்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். தூக்குக்கு இன்னும் மூன்றே நாள் இருக்கும் தம்பிக்காக எழுதிய கருணை மனு, நடிகையின் கையில் நான்காக மடிந்திருக்கிறது. “இந்த உடுப்புக்குள்ள மூச்சுக்கே இடமில்ல கண்ணு, மனுவுக்கா இருக்கப்போகுது?” என்று அதைப் பூங்கொத்துக்குள் செருகுகிறார் தையல்காரம்மா. “குடுக்கும்போது வாய்விட்டுச் சொல்லிடு.” “மைக் இருக்கேக்கா, ஊருக்கே கேக்குமே.”

நடிகை வாழ்த்துப் பாடுகிறார். இரண்டாவது வரியில் குரல் இடறுகிறது. அதைக் கொஞ்சல் என்று எடுத்துக்கொண்டு அரங்கம் விசிலடிக்கிறது. தலைவர் ஒரு விரலை உயர்த்தி இன்னொரு முறை கேட்கிறார். மறுபடியும் பாடிவிட்டு, பூங்கொத்தை நீட்டி, மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, “உள்ள ஒரு மனு இருக்குங்கய்யா” என்கிறார். கைதட்டலில் தலைவருக்கு உதடசைவு மட்டும் தெரிகிறது. “ரொம்ப சந்தோஷம்மா.” நடிகை படியிறங்கியதும், தலைவர் திரும்பிப் பார்க்காமலே பூங்கொத்தைப் பின்னால் நீட்டுகிறார். உதவியாளர் அதை வாங்கி, மேசையில் கிடக்கும் முப்பத்தொன்பதோடு சேர்க்கிறார்.

“சொல்லிட்டேன்கா. சந்தோஷம்னாரு.” தையல்காரம்மா கவுனின் தையலைப் பிரிக்கத் தொடங்குகிறார். ஆறு மணிக்கு, அரங்கைப் பெருக்குபவர்கள் பூக்களைக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள்.