சாய்ந்த இருக்கை

இதய நிபுணருக்கு மேடையில் நாற்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். அவர் ஐம்பத்தைந்து எடுத்துக்கொண்டார். ரத்தக்குழாயில் படிந்த கொழுப்பு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து வழியை அடைப்பதைப் படம் போட்டுக் காட்டினார். "சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்" என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அரங்க வாசலில் அவரை இறக்கிவிட்டபோது டிரைவர் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்: "சார், ரெண்டு நாளா சும்மா உக்காந்திருந்தாலே நெஞ்சை அடைக்குது."

"வாயுதான்யா. டீயைக் குறை. வண்டிய நிழல்ல போடு."

நினைவுப் பரிசோடு அவர் திரும்பியபோது டிரைவர் இருக்கையை முழுக்கச் சாய்த்துப் படுத்திருந்தார். நிழலில்தான், சொன்ன சொல் தட்டாத மனிதர். எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நிபுணர் வேறு டிரைவர் வைக்கவில்லை. மாலையில் இருக்கையை நிமிர்த்தி வண்டியைப் பூட்டுவார். காலையில் அது சாய்ந்திருக்கும்.

"ஸ்பிரிங் போச்சு சார்" என்று மெக்கானிக் புதிதாக மாற்றினார். மறுநாளும் சாய்ந்திருந்தது.

வேறு வழி தோன்றாமல், நெஞ்சு வலிக்கு நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை அட்டை ஒன்றை ஸ்டியரிங் அருகே வைத்தார். தினம் ஒரு மாத்திரை குறைந்தது.

இன்று அட்டை காலி. நிபுணர் பின் இருக்கையில், தன் பழைய இடத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப எப்படிய்யா இருக்கு?"

கேட்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

முன் இருக்கை மெல்ல நிமிர்ந்தது.